வங்கி நோட்டீஸ் வந்துவிட்டது: வீட்டுக்கடன் தவணையைக் குறைத்து ஏலத்தைத் தவிர்க்க வக்கீல் உதவுவாரா?

கேள்வி: திருப்பூரில் வசிக்கிறோம். 2019-ல் என் பெயரிலும் கணவர் பெயரிலும் சேர்த்து ஒரு வங்கியில் 28 லட்சம் ரூபாய் வீட்டுக்கடன் வாங்கி மாடி வீடு கட்டினோம். தவணை மாதம் 24,300. கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஆர்டர் குறைந்து அவர் சம்பளம் 38,000-லிருந்து 22,000 ஆகிவிட்டது. நான் வீட்டில் தைத்து 9,000 சம்பாதிக்கிறேன். ஏழு மாதமாகத் தவணை கட்டவில்லை. 24 நாளைக்கு முன் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் வந்தது. அறுபது நாளில் மொத்தம் 26.40 லட்சம் கட்ட வேண்டும், இல்லையென்றால் வீட்டை எடுத்துக்கொள்வோம் என்று இருக்கிறது. தவணையைக் குறைத்துத் தரச் சொல்லி வக்கீல் மூலம் வங்கியைக் கட்டாயப்படுத்த முடியுமா? 'பாதி கட்டினால் போதும், நான் முடித்துத் தருகிறேன்' என்று ஒரு புரோக்கர் 60,000 ரூபாயும், வீட்டுக்குப் பவரும் கேட்கிறார். மாடியை லீஸுக்கு விட்டு 5 லட்சம் வாங்கிக் கட்டலாம் என்கிறார் என் அண்ணன். வீட்டை விற்றுவிடச் சொல்கிறார் மாமியார். இப்போது விற்றால் 45 லட்சம் வரை போகும். யார் சொல்வதைக் கேட்பது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்.

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் புரோக்கர் விஷயத்தை முடித்துவிடுவோம். பணமும் கொடுக்காதீர்கள், பவரும் எழுதித் தராதீர்கள். 45 லட்சம் பெறுமான வீட்டை அடமானமாக வைத்திருக்கும் வங்கி, 26 லட்சம் கடனை எதற்குப் பாதிக்கு முடிக்கும்? ஓடிஎஸ் எனப்படும் ஒரே தவணைத் தீர்வில் வங்கி பெரிய தள்ளுபடி தருவது, சொத்தை விற்றாலும் கடன் தேறாது என்ற நிலையில்தான். உங்கள் வீடு அப்படிப்பட்டதல்ல. பவர் கேட்கும்போதே அவர் கண் கடன்மேல் இல்லை, வீட்டின்மேல் என்று புரிந்துகொள்ளுங்கள்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. தவணையைக் குறைக்கும்படி வங்கியைச் சட்டத்தால் கட்டாயப்படுத்த முடியுமா? முடியாது. கடனை மாற்றி அமைப்பதும், ஓடிஎஸ் தருவதும் வங்கியின் வணிக முடிவு. ஓடிஎஸ்ஸைக் கடன்தாரர் உரிமையாகக் கேட்க முடியாது, கொடுக்கும்படி வங்கிக்கு ரிட் உத்தரவு போடவும் முடியாது என்று 2021 டிசம்பரில் பிஜ்னோர் கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொரோனா காலத்தில் ரிசர்வ் வங்கி அறிவித்த சிறப்புச் சலுகைகளும் எப்போதோ முடிந்துவிட்டன. 'கேஸ் போட்டு இஎம்ஐயைக் குறைத்துத் தருகிறேன்' என்று ஒரு வக்கீல் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எங்கள் தொழிலிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு.

அப்படியானால் வக்கீல் எதற்கு? சர்ஃபாசி சட்டம் என்கிற 2002-ஆம் ஆண்டுச் சட்டம், கோர்ட்டுக்குப் போகாமலேயே வீட்டை எடுத்து விற்கும் அதிகாரத்தை வங்கிக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் அதைப் படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் இத்தனை நாள் என்ற கெடுவோடுதான் செய்ய வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அந்தக் கெடுக்குள் வங்கி ஒத்துக்கொள்ளக்கூடிய ஒரு திட்டத்தை எழுத்தில் வைப்பதும், வங்கி படி தவறினால் பிடித்து நிறுத்துவதும்தான் எங்கள் வேலை. கெடு போன பிறகு வருகிறவர்களுக்கு நாங்கள் செய்ய முடிவது குறைவு. நீங்கள் 24-ஆம் நாளில் கேட்டிருக்கிறீர்கள், நல்லது.

உங்கள் கையில் இருப்பது அந்தச் சட்டத்தின் 13(2) பிரிவு நோட்டீஸ். தொடர்ந்து 90 நாள் நிலுவை இருந்தால் கணக்கு என்பிஏ, அதாவது வாராக்கடன். அதன் பிறகுதான் இந்த நோட்டீஸ் அனுப்ப முடியும். அறுபது நாள் முடியும்வரை வங்கி வீட்டைத் தொட முடியாது. இந்த நோட்டீஸை எதிர்த்து நேராகக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கும், அதாவது டிஆர்டிக்கும், போக முடியாது. சிவில் கோர்ட்டுக்கோ 34-ஆம் பிரிவு கதவை மூடிவிட்டது. திருப்பூர் முன்சீப் கோர்ட்டில் ஸ்டே வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் இந்த அறுபது நாளுக்குள் உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பலர் கோட்டை விடுவது இதைத்தான். 13(3ஏ) பிரிவின்படி நீங்கள் எழுத்து மூலம் ஆட்சேபணையோ கோரிக்கையோ கொடுத்தால், வங்கி அதைப் பரிசீலிக்க வேண்டும். ஏற்கவில்லை என்றால் 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும். பதிலே தராமல் அடுத்த படிக்குப் போனால், பின்னால் டிஆர்டியில் அது உங்களுக்குப் பெரிய பிடிமானம். கிளை மேலாளரிடம் நேரில் போய் அழுததெல்லாம் கணக்கில் வராது. நோட்டீஸில் கையெழுத்திட்டிருக்கும் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரிக்கு, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் போக வேண்டும். மின்னஞ்சலிலும் ஒன்று அனுப்பிவிடுங்கள். கடன் இருவர் பெயரிலும் இருப்பதால் இருவருமே கையெழுத்துப் போடுங்கள்.

அதில் என்ன எழுதுவது என்பதற்கு முன்னால் கணக்கைப் பார்க்க வேண்டும். 'தவணைக் காலத்தை நீட்டினால் சுமை பாதியாகிவிடும்' என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உங்கள் எண்களிலேயே போட்டுப் பார்க்கிறேன். அசல் பாக்கி சுமார் 24.70 லட்சம், வட்டி 8.5 சதவீதம், இன்னும் 15 ஆண்டு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் உங்கள் 24,300 சரியாக வருகிறது. நிலுவை 1.70 லட்சத்தையும் அசலோடு சேர்த்து 26.40 லட்சமாக்கி 20 ஆண்டுக்கு நீட்டினால் தவணை ஏறக்குறைய 22,900. 25 ஆண்டுக்கு நீட்டினால் 21,300. பத்து ஆண்டு கூடுதலாகக் கட்டி மாதம் மிச்சப்படுவது வெறும் 3,000 ரூபாய். 31,000 ரூபாய் வருமானத்தில் 21,300 தவணை போக மீதியில் குடும்பம் ஓடுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால், குழந்தைகள் படிக்கிற வீட்டில் அது ஓடாது.

நிலுவையை எப்படியாவது கட்டிவிட்டு, மீதி 24.70 லட்சத்தை மட்டும் 25 ஆண்டுக்கு நீட்டினால் சுமார் 19,900 வரும். இது கொஞ்சம் மூச்சு விடக்கூடிய தொகை. இன்னொன்றும் பாருங்கள். 2019 அக்டோபர் 1-க்கு முன் கொடுத்த கடன் என்றால், உங்கள் வட்டி இன்னமும் எம்சிஎல்ஆர் என்ற, வங்கி தன் செலவை வைத்துத் தானே கணக்கிடும் பழைய அடிப்படையிலேயே இருக்கலாம். அதை ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, அடிப்படைக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம். வட்டி ஒரு சதவீதம் இறங்கினால், காலத்தை நீட்டாமலேயே தவணையில் 1,400 ரூபாய் குறையும். வாராக்கடன் நிலையில் இதைச் செய்ய மாட்டார்கள், கணக்கு சீரான பிறகு கேளுங்கள்.

அதனால் பேச்சின் மையம் அந்த 1.70 லட்சம்தான். ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் ஒன்றைத் தெளிவாக்கிவிட்டது: வட்டியும் அசலுமாக நிலுவை முழுவதையும் கட்டினால்தான் கணக்கு மறுபடி சீரான கணக்காகும். இரண்டு தவணை, மூன்று தவணை கட்டி என்பிஏவிலிருந்து வெளியே வர முடியாது. நோட்டீஸ் 26.40 லட்சத்தையும் கேட்கிறதே என்று பயப்பட வேண்டாம். வீட்டுக்கடனில் நிலுவைத் தவணைகளையும் நோட்டீஸ் செலவையும் கட்டிவிட்டால், பெரும்பாலான வங்கிகள் கணக்கைச் சீராக்கி, மேல்நடவடிக்கையை நிறுத்திக்கொள்கின்றன. 'இத்தனை ரூபாய் கட்டினால் நடவடிக்கை கைவிடப்படும்' என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டுங்கள். வாய் வார்த்தையை நம்பிக் கட்டிவிட்டு, அடுத்த வாரம் கதவில் சுவாதீன அறிவிப்பு, அதாவது வீட்டை வங்கி எடுத்துக்கொண்டதாகச் சொல்லும் அறிவிப்பு, ஒட்டப்பட்டதைப் பார்த்து ஓடி வருபவர்கள் உண்டு.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நகை இருந்தால், அடகு வைப்பதைவிட விற்றுவிடுவது மேல் என்பேன். அடகு வைத்தால் அதற்கும் மாதா மாதம் வட்டி ஏறும், சுமை இடம் மாறுமே தவிரக் குறையாது. கணவர் பி.எஃப். கணக்கில் எவ்வளவு இருக்கிறது, வீட்டுக்கடனுக்காக எடுக்க முடியுமா என்றும் பார்த்துவிடுங்கள். தினவட்டி, மீட்டர் வட்டி பக்கம் மட்டும் தலை வைக்காதீர்கள். வங்கியாவது நோட்டீஸ் கொடுத்துவிட்டு வருகிறது.

அண்ணன் சொல்லும் லீஸ் யோசனை நம் ஊரில் வழக்கமானதுதான், ஆனால் உங்களுக்கு இப்போது ஆபத்து. 13(2) நோட்டீஸ் வந்த பிறகு, வங்கியின் எழுத்துப்பூர்வமான முன் சம்மதம் இல்லாமல் அந்தச் சொத்தை விற்கவோ, குத்தகைக்கு விடவோ, வேறு வகையில் மாற்றவோ கூடாது என்கிறது 13(13) பிரிவு. மீறுவது தண்டனைக்குரிய குற்றம். நாளைக்கு வீடு ஏலம் போனால், 5 லட்சம் கொடுத்த குடும்பமும் உங்களோடு சேர்ந்து தெருவில் நிற்கும். வங்கியிடம் கேட்டு, எழுத்தில் சம்மதம் வாங்கி, அந்தப் பணம் நேராகக் கடன் கணக்குக்கே போகிற மாதிரி செய்ய முடிந்தால் செய்யுங்கள். ஆனால் அந்த 5 லட்சத்தையும் ஒருநாள் திருப்பித் தர வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

இப்போது 13(3ஏ) பிரிவில் வங்கிக்கு அனுப்ப வேண்டிய மனுவுக்கு வருவோம். வேண்டுகோள் கடிதம் மாதிரி எழுதாதீர்கள். வருமானம் எப்போது, ஏன் குறைந்தது என்பதை இரண்டு வரியில் சொல்லுங்கள். பழைய, புதிய சம்பளச் சீட்டுகளையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் இணையுங்கள். பிறகு தொகையும் தேதியும் போட்டுத் திட்டத்தைச் சொல்லுங்கள்: இந்தத் தேதிக்குள் இவ்வளவு, மீதி நிலுவை இத்தனை மாதத்தில் இப்படி, அதன் பிறகு காலத்தை இத்தனை ஆண்டுக்கு நீட்டி இந்தத் தவணை. முதல் தொகையை மனுவோடேயே கட்டிவிட்டு ரசீதை இணைத்தால், படிக்கிற அதிகாரியின் பார்வையே மாறும். மாற்றி அமைத்த கடன் சிபில் அறிக்கையில் அப்படியே பதிவாகும், சில வருடங்களுக்கு வேறு கடன் கிடைப்பது கஷ்டம். வீடு நிற்கிறது என்றால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அதே மனுவில் கணக்கு விவரத்தையும் கேளுங்கள். தவணை தவறியதற்கு அபராத வட்டி போட்டு அதை அசலோடு சேர்க்கும் பழைய வழக்கத்தை ரிசர்வ் வங்கி நிறுத்திவிட்டது. இப்போது அபராதக் கட்டணம் மட்டுமே போடலாம், அதன் மேல் வட்டி போடக்கூடாது. பழைய கடன்களும் 2024 ஜூன் 30-க்குள் இந்த முறைக்கு மாறியிருக்க வேண்டும். நோட்டீஸில் உள்ள தொகை எப்படி வந்தது, எந்தத் தேதியில் என்பிஏ ஆக்கினார்கள் என்று பார்த்தால் சில சமயம் தவறு அகப்படும். அது கடனை ரத்து செய்யாது, ஆனால் பேசும்போது கை கொடுக்கும். கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை, இருந்தாலும்: வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் போன் செய்யக்கூடாது. மீறினால் வங்கிக்குப் புகார் எழுதுங்கள், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேன் என்கிற குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தவணையைக் குறைக்கச் சொல்லி அங்கே போகாதீர்கள், வணிக முடிவுகளில் அவர் தலையிட மாட்டார்.

சரி, மனுவை வங்கி நிராகரித்துவிட்டால்? அறுபது நாள் முடிந்ததும் 13(4) பிரிவின்படி வீட்டில் சுவாதீன அறிவிப்பு ஒட்டுவார்கள், இரண்டு நாளிதழ்களில் விளம்பரமும் வரும். இது காகித அளவிலான சுவாதீனம்தான், உங்களை அன்றே வெளியேற்ற மாட்டார்கள். நிஜமாகவே வீட்டை எடுக்க, 14-ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ உத்தரவு வாங்கிக்கொண்டு, பெரும்பாலும் அதற்கென நியமிக்கப்பட்ட ஒரு வக்கீல் கமிஷனரோடும் போலீசோடும் வருவார்கள். அந்த உத்தரவு போடும்போது உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பதில்லை. 'கோர்ட்டில் என்னைக் கேட்கவே இல்லையே' என்று பிறகு வருத்தப்பட்டுப் பலன் இல்லை.

சுவாதீன நடவடிக்கை நடந்த நாளிலிருந்து 45 நாளுக்குள் 17-ஆம் பிரிவின்படி டிஆர்டியில் மனுப் போடலாம். உங்களுக்குக் கோயம்புத்தூர் டிஆர்டி. கட்டணம் கடன் தொகையைப் பொறுத்தது. 10 லட்சம் வரைக்குமான 5,000 ரூபாயோடு, மேலே ஒவ்வொரு லட்சத்துக்கும் 250 ரூபாய். 26.40 லட்சத்துக்கு 9,250 ரூபாய் வரும். வக்கீல் ஃபீஸ் தனி. மனுப் போட முன்பணம் கட்டத் தேவையில்லை, 2004-ல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. ஆனால் தடை உத்தரவு சும்மா வராது. நடைமுறையில், நிலுவையில் ஒரு பகுதியை இத்தனை வாரத்தில் கட்டு என்ற நிபந்தனையோடுதான் ஸ்டே வரும். கட்டத் தவறினால் ஸ்டே தானாகப் போய்விடும். கையில் பணமே இல்லாமல் டிஆர்டி போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாமே என்பவர்கள் இருக்கிறார்கள். டிஆர்டி வழி இருக்கும்போது ரிட்டை ஏற்கக்கூடாது என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, பெரும்பாலும் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஒரு கெடுவை மட்டும் எழுதி சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். முழுக் கடனையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை, முன்பெல்லாம் விற்பனை முடியும்வரை இருந்தது. 2016 திருத்தத்துக்குப் பிறகு ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான். 2023-ல் செலிர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஏலம் நடக்கிற காலையில் பணத்தோடு போய் நிறுத்திவிடலாம் என்ற எண்ணம் இனி எடுபடாது.

மாமியார் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். அறுபது நாளில் நிலுவையைத் திரட்ட முடியாது, கணவருக்குப் பழைய சம்பளம் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இல்லை என்றால், நீங்களாக விற்பதுதான் நல்லது. வங்கியின் சம்மதக் கடிதம் வாங்கி, வாங்குகிறவர் பணத்தில் முதலில் கடனை அடைத்து, 45 லட்சத்துக்கு விற்றால் உங்கள் கையில் 18 லட்சத்துக்கு மேல் நிற்கும். ஏலத்தில் அதே வீடு பெரும்பாலும் சந்தை விலைக்குக் கீழேதான் போகும், அதில் வங்கிச் செலவும் கழியும். மிச்சம் இருந்தால் உங்களுக்குத் தர வேண்டும் என்பது சட்டம், குறைந்தால் பாக்கிக்கு உங்களையே துரத்தலாம் என்பதும் அதே சட்டம். வாங்குகிறவர் வங்கிக்கடன் போட்டு வாங்குவதானால் இரண்டு வங்கிக்கும் இடையே பேச நேரம் பிடிக்கும், அதனால் இதை 55-ஆம் நாளில் ஆரம்பிக்க முடியாது. கடன் முழுதாக அடைந்த 30 நாளுக்குள் வங்கி உங்கள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023-ல் உத்தரவிட்டிருக்கிறது. வாங்குகிறவருக்கு இதைச் சொன்னால் தைரியம் வரும்.

வக்கீல் செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987-ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் அது இருக்கிறது. நீங்கள் இணைக் கடன்தாரர், அதனால் உங்கள் பெயரில் கேளுங்கள். திருப்பூர் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நோட்டீஸோடு நேரில் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். வழக்குக்கு முந்தைய லோக் அதாலத்தில் வங்கியைக் கூப்பிட்டுப் பேசவும் அங்கேயே மனுக் கொடுக்கலாம். வங்கி ஒத்துக்கொண்டு தீர்வு எழுதினால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. உங்களுக்கும் கிடையாது என்பதால், கட்ட முடியாத தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். தனியாக வக்கீல் வைப்பதென்றால், டிஆர்டியில் வழக்கமாக ஆஜராகிறவரா என்று கேளுங்கள். மனு எழுத எவ்வளவு, டிஆர்டி போனால் எவ்வளவு என்று படிப்படியாக ஃபீஸ் பேசிக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே மனு போகட்டும். 15 நாள் பதிலுக்குப் போனாலும், அதன் பிறகு விற்பதா வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்ய அறுபதில் இரண்டு வாரமாவது மிஞ்சும். பதில் வந்ததும், இல்லை 15 நாள் தாண்டியும் வரவில்லை என்றால், நோட்டீஸ் நகலையும் தபால் ஒப்புகையையும் சேர்த்து எனக்கு மறுபடி எழுதுங்கள். டிஆர்டி போவது உங்களுக்கு லாபமா இல்லையா என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.